மாக் கோடில் (இதயம் நின்ற நோயாளியைக் காப்பாற்றும் ஒத்திகையில்) கை நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

மதுரை பக்கம் 60 படுக்கை மருத்துவமனை, ஐ.சி.யூ. இன்சார்ஜ் நர்ஸ் நான். மூன்று மாதமாக வாரம் ஒரு ஏ.சி.எல்.எஸ். (மேம்பட்ட இதய உயிர்காப்பு) மாக் கோட். நெஞ்சை அழுத்தும் ஆழம், வேகம் (நிமிடத்துக்கு 100–120) சரி. மானிட்டரில் ரிதம் (இதயத் துடிப்பின் ஒழுங்கு) பார்க்க அழுத்துவதை நிறுத்தும்போதுதான் சிக்கல்: 10 விநாடிக்குள் கை மறுபடி நெஞ்சில் இருக்கணும், நேற்று ஸ்டாப்வாட்ச்சில் 23. எல்லார் கண்ணும் மானிட்டரில், பயிற்சி பொம்மை அநாதையாகக் கிடக்கிறது!

ரிதம் பார்க்க 15 விநாடி முன்பே டிஃபிப்பை (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷினை) சார்ஜ் செய்ய வைத்தேன். வீடியோ எடுத்துக் காட்டியது இரண்டு வாரம் தாங்கியது. விநாடி எண்ண ஒரு ஜூனியர் நர்ஸ் பிள்ளையை நிற்க வைத்தேன். டாக்டர் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. எங்களிடம் இருப்பது பைஃபேசிக் (இருதிசை மின்னோட்ட) டிஃபிப் மெஷின், பழைய அரையுடல் பொம்மை, ஷிஃப்ட்டுக்கு 5 பேர்.

சீனியர் டாக்டர் முன்னாலும் ஜூனியர் நர்ஸ் "எட்டு, ஒன்பது, அழுத்துங்க" என்று சத்தமாகச் சொல்ல, உங்கள் இடத்தில் எப்படிப் பழக்கினீர்கள்?