புதுப்பிப்பு: எஸ்டிஎம்32 பலகையில் பிழைநீக்கி மீண்டும் இணைந்துவிட்டது

எஸ்டிஎம்32எஃப்103 என்ற நுண்கட்டுப்படுத்திச் சில்லுள்ள பலகையில் முதல் நிரல் ஏறி ஓடிய பிறகு, பிழைநீக்கி (கணினியிலிருந்து சில்லில் நிரலை ஏற்றி, அதன் ஓட்டத்தைச் சோதிக்க உதவும் கருவி) அந்தச் சில்லை அடையாளம் காண மறுக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கம்பிகளைச் சோதிக்குமாறு சிலர் கூறியிருந்தீர்கள். கம்பிகளில் குறையில்லை. தொடக்க நிரலை உருவாக்கித் தரும் மென்பொருளில் பிழைநீக்க வசதி இயல்பாகவே அணைந்திருந்ததால், நிரல் ஓடத் தொடங்கியதுமே பிழைநீக்கி சில்லோடு பேசும் எஸ்டபிள்யூடி இணைப்புக்குரிய பிஏ13, பிஏ14 ஆகிய இரு முனைகளும் அப்பணியிலிருந்து விடுபட்டுவிட்டன.

ஆகவே, நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, சில்லை ரீசெட் நிலையில் பிடித்து வைத்தபடி இணைய வேண்டும். அதற்கு வழக்கமான கம்பிகளோடு சில்லை ரீசெட் செய்யும் என்ஆர்எஸ்டி கம்பியும் தேவை. நான் பயன்படுத்துவது நியூக்ளியோ-64 என்ற மற்றொரு பலகையிலுள்ள எஸ்டி-லிங்க் பிழைநீக்கி என்பதால், அதன் சிஎன்2 ஜம்பர்கள் (முனைகளை இணைக்கும் சிறு செருகிகள்) இரண்டையும் கழற்றிவிட்டு, சிஎன்4 இணைப்பியின் 5ஆம் முனையிலிருந்து அக்கம்பியை எடுத்தேன். அதே இணைப்பியின் 1ஆம் முனை இலக்குப் பலகையின் மின்னழுத்தத்தை அறிவதற்கு மட்டுமே; மின்சாரத்தைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும் (இதைப் பலரும் கவனிப்பதில்லை).

என்ஆர்எஸ்டி கம்பிக்கு வழியில்லாதவர்கள் இலக்குப் பலகையின் பூட்0 ஜம்பரை 1க்கு மாற்றி ரீசெட் பொத்தானை அழுத்தினால், நம் நிரலுக்குப் பதிலாகச் சில்லின் உள்ளமைந்த பூட்லோடர் (நிரல் ஏற்றும் நிரல்) ஓடும், பிழைநீக்கியும் இணையும். பிறகு முன்சொன்ன மென்பொருளில் சீரியல் வயர் எனும் பிழைநீக்க வசதியை இயக்கி உருவாக்கிய நிரலை ஏற்றிவிட்டு, ஜம்பரைப் பழைய இடத்துக்கு மாற்றினால் போதும்.

இப்போது பிழைநீக்கியை இயக்கும் ஓப்பன்ஓசிடி மென்பொருள் வழியாக, விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் செயலியில் நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்க முடிகிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஓடும் நிரலுக்கு இச்சில்லின் வன்பொருள் 6 நிறுத்தப்புள்ளிகளையே (நிரல் நிற்க வேண்டிய இடங்களின் குறிகள்) தருகிறது. ஏழாவதை வைக்கும்போது வரும் பிழைச்செய்தி பழுதின் அறிகுறியன்று.