வட்டக்கச்சி வளவில் ஒரு நெக்டரின்

வட்டக்கச்சியிலிருந்து:

2021 டிசெம்பரில் கொழும்பிலிருந்து இங்கே கிளிநொச்சிப் பக்கம் வந்த மச்சாள் ஆறு நெக்டரின் பழங்கள் கொண்டுவந்தார். பீச் பழத்தில் மயிர் இல்லாத வகைதான் அது. தோல் தக்காளிபோல் வழுவழுப்பாக இருக்கும். பிள்ளைகள் தின்று போட்ட கொட்டைகளை அம்மா கூட்டி எறியப் போனபோது நான் மறித்துவிட்டேன். கொட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது, அது எங்கள் வீட்டு ஆண்களின் வியாதி.

கொட்டையின் மேலே ஆழமான வரிகள். கல்லுக்கு நிகரான கடினம். அதன் விளிம்பில் பாக்குவெட்டியை வைத்து அழுத்தினால் இரண்டாகப் பிளக்கும். உள்ளே வாதுமைப் பருப்பின் சாயலில் ஒரு பருப்பு. அவசரத்தில் இரண்டை நசுக்கிவிட்டேன். மிச்சம் நான்கையும் ஈரத்துணியில் சுற்றி, தயிர்க் கோப்பையில் போட்டு, மூன்று மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். குளிர்காலம் வந்து போய்விட்டது என்று விதை நம்பினால்தான் முளைக்கும். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. மனைவிக்கு மீன் பழுதாகிவிடும் என்ற கவலை, எனக்கு விதைக் கவலை. எப்படியோ மூன்று முளைத்தன.

ஒன்றை வறண்ட கச்சான் காற்று கொண்டுபோய்விட்டது. காலையில் தண்ணீர் விட்டாலும் மாலையில் இலை சுருண்டு கிடக்கும். இன்னொன்றை ஈரம் கிடைக்கட்டும் என்று கிணற்றடியில் வாழைக்குப் பக்கத்தில் வைத்தது என் பிழை. மாரி பிடித்ததும் இலை மஞ்சளாகி, அடித்தண்டு அழுகிவிட்டது. வாழைக்கு உகந்த இடம் இதற்கு ஆகாது. மூன்றாவதை மண்ணும் மணலும் ஆட்டெருவும் கலந்து இரண்டடி மேடு கட்டி அதன் மேல் வைத்தேன். அதுதான் நிற்கிறது.

2022 டிசெம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிர் பலருக்கு நினைவிருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. எங்கள் ஒழுங்கையிலும் இரண்டு போயின. அந்த இரவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு போய் டோர்ச் அடித்து நெக்டரினைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு உள்ளூரச் சந்தோஷம்: இனி இது பூக்கும் என்று. பிறகுதான் விசாரித்தேன். பெரும்பாலான வகைகள் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் 500 முதல் 1000 மணி நேரம் வரை இருக்க வேண்டும். குறைந்த குளிரோடு திருப்திப்படும் வகைகளுக்கே 150 முதல் 300 மணி நேரம் தேவை. மாடுகளைக் கொன்ற குளிர் இந்த மரத்துக்குக் குளிரே இல்லை.

இப்போது என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. கிளைகளின் நுனியில் மட்டும் குஞ்சம்போல் இலை, நடுவெல்லாம் மொட்டை. தண்டில் முருங்கைப் பிசின்போல் பிசின் வடிகிறது. பூ இல்லை. வருகிறவர்கள் எல்லாம் "இதென்ன, அலரியா?" என்று கேட்கிறார்கள். வன்னியில் யாராவது பூ கண்டீர்களா?

ஒட்டுசுட்டானிலிருந்து:

காணவில்லை, தம்பி. காணவும் மாட்டீர்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் முந்திரிகை (திராட்சை)த் தோட்டம் செய்தவன். கொடியை வெட்டி இலையை உருவிவிட்டால் புதுத் துளிரோடு பூ வரும். தேசிக்கு (எலுமிச்சைக்கு) தண்ணீரை நிறுத்தி வாட்டி, பிறகு விட்டால் பூக்கும். அந்த இரண்டு வித்தையையும் என் நெக்டரினில் காட்டினேன். ஆடி மாதம் தண்ணீரை நிறுத்தினேன். ஆவணியில் ஏணி வைத்து ஏறி ஒவ்வோர் இலையாக உருவினேன்; பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். இருபது நாளில் மரம் முழுக்கத் துளிர். பூ ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடம் கறையான் அடியில் புற்றுக் கட்டி வேலையை முடித்துவிட்டது. அந்தக் குழியில் இப்போது மாதுளை நிற்கிறது, அதற்கு என்மேல் ஒரு புகாரும் இல்லை. குளிரான நுவரெலியா மலையில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் உங்கள் மரத்தை அங்கே அனுப்பிவிடுங்கள்.

மெல்பேர்ணிலிருந்து (பிறந்தது முள்ளியவளை):

என் வீட்டுப் பின்வளவில் ஒன்று நிற்கிறது. குளிர்காலத்தில் விறகுக்கட்டுப்போல் நிற்கும். முதல்முறை பார்த்தபோது பட்டுவிட்டது என்று வெட்டப் போனேன். குளிர் குறையும்போது இலைக்கு முன்னே இளஞ்சிவப்புப் பூ. போன வருடம் விட்ட கொப்பில்தான் காய்க்கும், அதனால் ஆண்டுதோறும் வெட்ட வேண்டும். நடுவைத் திறந்து கிண்ணம்போல் விட்டால் வெயில் உள்ளே விழும். காய் சுண்டுவிரல் நுனியளவில் இருக்கும்போது, சாணுக்கு ஒன்று விட்டு மற்றதைக் கிள்ளி எறிய வேண்டும். அதைச் செய்ய எனக்கு இன்னும் மனம் வருவதில்லை, அதனால் என் பழங்கள் எப்போதும் சிறியவை. மொட்டு வீங்குமுன் செப்பு மருந்து அடிக்காவிட்டால் இலைகள் சிவந்து கொப்பளித்துச் சுருண்டுவிடும், அது ஒரு பூஞ்சணம். அது இல்லாமல் நீங்கள் தப்பித்துக்கொண்டீர்கள்.

பழம் நல்ல இனிப்பு. ஆனாலும் வைகாசியில் காட்டுக்குள் போய், பாலைப்பழம் தின்று, பால் ஒட்டிப் பசையான உதட்டை எண்ணெய் தடவித் துடைத்த ருசி அதில் இல்லை. நான் ஒருபக்கச் சார்பானவள், பொருட்படுத்த வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். உங்களிடம் ஆடு இருக்கிறது என்று ஆட்டெருவை வைத்து ஊகிக்கிறேன். இந்த மரத்தின் கொப்பை வெட்டி ஆட்டுக்குப் போடாதீர்கள். இலை வாடும்போது அதில் சயனைட் நஞ்சு உருவாகும். பருப்பும் அப்படித்தான், பிள்ளைகள் கடித்துப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டக்கச்சியிலிருந்து:

அக்கா, நேற்று வெட்டிய இரண்டு கொப்பு ஆட்டுக் கொட்டில் கூரைமேல் கிடந்தது. இப்போதுதான் எடுத்து எரித்துவிட்டு வருகிறேன். ஆடு நல்ல சுகம். அண்ணை, மரத்தை நுவரெலியாவுக்கு அனுப்ப லொறிக்கூலி கட்டுப்படியாகாது. மாதுளைப் பதியம் ஒன்று தருவீர்களா? மேட்டுக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கிறது.