புதுப்பிப்பு: டெபியனில் நெட்வொர்க் பிரிண்டர் அச்சடிக்கிறது!

டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று) நிறுவிய மடிக்கணினிக்கு வீட்டு வைஃபை பிரிண்டர் கண்ணிலேயே படவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். தீர்ந்துவிட்டது.

டிரைவரைத் தேடி அலைந்ததே தவறான பாதை. இந்த பிரிண்டர் ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுவான அச்சு முறையை ஆதரிக்கிறது. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் அதனுடன் நேரடியாகப் பேசிக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். தடுத்தது நான் எழுதிய ஃபயர்வால் விதிகள். பிரிண்டர் தன் இருப்பை அறிவிக்கும் எம்டிஎன்எஸ் தகவல்கள் யுடிபி 5353 என்ற நெட்வொர்க் வாசல் (போர்ட்) வழியாக வருகின்றன. அந்த வாசலை மூடி வைத்திருந்தேன். வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிட்டேன், அந்த அறிவிப்புகளைக் கேட்கும் அவாஹி சேவை பிரிண்டரை உடனே கண்டுபிடித்துவிட்டது. முதல் பக்கம் வெளியே வந்தபோது அத்தனை மகிழ்ச்சி!

ஐபி முகவரியைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி. அதுவும் வேலை செய்தது. ஆனால் ரவுட்டரை அணைத்துப் போட்டதும் முகவரி மாறி, பக்கங்கள் வரிசையில் தேங்கிவிட்டன. அந்த வழியில் போகிறவர்கள் ரவுட்டரில் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டர்களைத் தேடித் தானாகச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்டு சேவையையும் நீக்கிவிட்டேன். 2024 செப்டம்பரில் அதன் பாதுகாப்பு ஓட்டை வெளியானதிலிருந்தே எனக்கு உறுத்தல்தான். அது இல்லாமலே நன்றாக அச்சாகிறது.

ஸ்கேனர் இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.