புதுப்பிப்பு: மகளின் முதல் டர்ட் பைக் பாடம்

ஏழு வயது மகளுக்கு 50 சிசி டர்ட் பைக்கை (கரடுமுரடான மண் தரையில் ஓட்டும் பைக்) திசையன்விளைப் பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், பழக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். செம்மணலில் சக்கரம் புதையும், வேண்டாம் என்றீர்கள். சரி என்று, வற்றிக் கிடந்த எங்கள் ஊர்க் குளத்துக்குள் இறக்கினோம்.

கிளட்ச் பிடிக்க வேண்டாத வண்டி. ஆக்சிலேட்டர் அதிகம் திரும்பாதபடி அதற்கான திருகை முறுக்கிவிட்டேன். முதல் அரைமணி நேரம் இன்ஜினே போடவில்லை. நான் தள்ள, அவள் பிரேக் பிடிக்க, அவ்வளவுதான். “எப்பப்பா ஸ்டார்ட் பண்ணுவிய?” என்று ஒரே நச்சரிப்பு.

ஸ்டார்ட் செய்ததும் பயத்தில் ஆக்சிலேட்டரை இறுக்கிப் பிடித்து, நேரே கருவேலம் புதருக்குப் போனாள்! திருகு இருந்ததால் ஓடிப்போய்ப் பிடிக்க முடிந்தது. அப்புறம் ஒருமுறை விழுந்தாள். ஹெல்மெட், முழங்கால் காப்பு எல்லாம் இருந்தும் முழங்கையில் சிராய்ப்பு. அதற்குக் காப்பு வாங்க மறந்திருந்தேன். அவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.