புருஷன் என்றால் ஆணா? ஏற்காட்டு வாசிப்பு முகாமுக்கு முன் ஒரு கேள்வி

அஸ்தம்பட்டி வாசகன்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. சேலத்தில் மாதம் ஒருமுறை கூடும் தத்துவ வாசிப்பு வட்டம் எங்களுடையது, 12 பேர். அடுத்த கூட்டம் ஏற்காட்டில், ஒரு பகல் முழுக்க. தலைப்பு: ஆண்மை, பெண்மை, உணர்வு. காலையில் சாங்கியம் (பார்த்திருக்கும் புருஷன், உலகமாக விரியும் பிரகிருதி என்று எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்கும் தத்துவம்), மதியம் சைவ சித்தாந்தம், மாலையில் திருச்செங்கோட்டு அர்த்தநாரியை முன்வைத்து உரையாடல் என்று போட்டிருக்கிறோம்.

முன்கூட்டத்திலேயே பேச்சு தடம் மாறிவிட்டது. "புருஷன் அறிவு, பிரகிருதி உணர்ச்சி. ஆகவே ஆணுக்கு ஞானம் இயல்பு, பெண்ணுக்கு அன்பு இயல்பு" என்றார் ஒருவர். "இரண்டும் பாதிப் பாதி கலந்தால்தான் ஞானம் வரும், அர்த்தநாரி சொல்வது அதைத்தான்" என்றார் இன்னொருவர். இரண்டிலும் ஏதோ இடறுகிறது. எங்கே என்று சுட்டிக்காட்டத் தெரியவில்லை. எதை, எந்த வரிசையில் வாசிக்கலாம், எங்கே வழுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:

தம்பி, முதல் இடறல் உங்கள் தலைப்பிலேயே இருக்கிறது. "உணர்வு" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பழைய நூல்களில் அது அறிவு. சிவபுராணத்தில் "நுணுக்கரிய நுண்ணுணர்வே" என்று வருவது உணர்ச்சியைப் பற்றியதல்ல. இன்றைய பேச்சில் அதே சொல் அழுகை, பாசம், கோபம் பக்கம் சாய்ந்துவிட்டது. "பெண் உணர்வு மிக்கவள்" என்று ஒருவர் ஆரம்பிப்பார், "உணர்வே ஆன்மா" என்று இன்னொருவர் முடிப்பார், நடுவில் சொல் மாறிப்போனதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "நனவு" என்று மாற்றினாலும் சரிவராது. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்ற ஐந்து அவத்தைகளில் (உயிரின் நிலைகளில்) அது முதலாவது மட்டுமே. அறியும் பொருளுக்கு "அறிவு" அல்லது "சித்து", உள்ளக் கிளர்ச்சிக்கு "உணர்ச்சி". இந்த இரண்டைப் பலகையில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது பால். தமிழில் பால் பொருளைப் பார்த்து வரும். சமஸ்கிருதத்தில் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். மனைவியைக் குறிக்கும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: தார ஆண்பால், களத்ர அலிப்பால், பத்னீ பெண்பால். மனைவி ஒருத்திதான். அறிவுக்கும் இதே கதை. சித் பெண்பால், சைதன்ய அலிப்பால், ஆத்மன் ஆண்பால். புத்தி பெண்பால், மனஸ் அலிப்பால், அகங்கார ஆண்பால். சொல்லின் பாலை வைத்து ஞானம் ஆணுடையது என்று வாதிடுகிறவர், அகங்காரமும் ஆணுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

நம் இலக்கணம் இதில் கூர்மை. காலம், உலகம், உயிர், உடம்பு, தெய்வம், வினை முதலான சொற்களைத் தொல்காப்பியம் ஒரே நூற்பாவில் அடுக்கி, அவை "பால் பிரிந்து இசையா" என்கிறது. "உயிர் போயிற்று" என்றுதான் சொல்கிறோம். போனவர் ஆணா பெண்ணா என்பதை அந்த வினை காட்டாது.

இனிச் சாங்கியம். தமிழ்க் காதுக்குப் புருஷன் என்றால் வீட்டுக்காரர், பிரகிருதி என்றால் "அசட்டுப் பிரகிருதி". "புருஷன் ஒரு வேலையும் செய்யமாட்டான், எல்லாம் பிரகிருதிதான்" என்று வாசித்ததும் அறையில் சிரிப்பு எழும். சிரித்து முடிக்கட்டும். பிறகு கணக்கைப் போடுங்கள். தத்துவங்கள் 25. மூலப்பிரகிருதி 1, மகத்து அகங்காரம் ஐந்து தன்மாத்திரைகள் (நுண்பொருள்கள்) சேர்ந்து 7, மனமும் பொறிகளும் பூதங்களுமான விகாரங்கள் 16, இவை 24. புருஷன் 25ஆவது, வெறும் சாட்சி. புத்தி (மகத்து) எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேளுங்கள். பிரகிருதியின் பக்கம். ஞானம் யாருடைய குணம்? புத்திக்குச் சொல்லும் எட்டில் ஒன்று அது: தர்மம், ஞானம், வைராக்கியம், ஐசுவரியம், இவற்றின் எதிர்மறைகள் நான்கு. ஆக ஞானத்தைத் தேடுவதும் பிரகிருதி, அடைவதும் பிரகிருதி. சாங்கியத்தின் அடிப்படை நூலான ஈசுவரகிருஷ்ணரின் காரிகையில் 62ஆம் செய்யுள் இதை மறைக்காமலே சொல்கிறது: கட்டுண்பதும் உழல்வதும் விடுபடுவதும் பிரகிருதியே, புருஷனுக்கு இவை எதுவும் இல்லை. 63: அந்த எட்டில் ஏழால் தன்னைக் கட்டிக்கொள்கிறது, ஞானம் என்ற ஒன்றால் அவிழ்த்துக்கொள்கிறது. "ஆணுக்கு ஞானம் இயல்பு" என்ற பேச்சு இந்த இரண்டு செய்யுளைத் தாண்டி வராது. "அப்படியானால் ஞானம் பெண்ணுடையது" என்று யாராவது உடனே திருப்பிப் போடுவார்கள். அதையும் விடக்கூடாது.

உவமைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். காரிகை 21இல் முடவனும் குருடனும். 57இல் கன்றுக்காகத் தானே சுரக்கும் பால். 59இல் அவைக்கு ஆடிக்காட்டிவிட்டு விலகும் நர்த்தகி. பிரகிருதி ஒருமுறை குருடன், ஒருமுறை பால், ஒருமுறை நர்த்தகி. பெண் வருவது உவமைகளில் ஒன்றாக மட்டுமே.

நேரம் மிஞ்சினால் கிரேக்கத்தையும் ஒரு பார்வை. அரிஸ்டாட்டில் பிறப்பை விளக்கும்போது ஆணிடமிருந்து வடிவமும் இயக்கமும், பெண்ணிடமிருந்து பொருளும் என்கிறார். அங்கே இயங்குவது ஆண், இங்கே இயங்குவது பெண்பால் பெயர் கொண்ட பிரகிருதி. அவரே குறித்துவைத்திருக்கும் பித்தாகோரியர் பட்டியலில் பத்து இணைகள்: ஆண், வலம், ஒளி, நன்மை, நிலைபேறு ஒரு வரிசை; பெண், இடம், இருள், தீமை, இயக்கம் எதிர் வரிசை. அந்த ஊர்க்காரர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. "உலகெங்கும் ஆண் என்றால் இது, பெண் என்றால் இது" என்று சொல்கிறவருக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டினால் போதும்.

திருமணிமுத்தாறு:

அண்ணா சொன்ன சாங்கியம் சரி. மதிய அமர்வில் விழும் பள்ளம் வேறு: சிவன் புருஷன், சக்தி பிரகிருதி என்று ஒட்டவைப்பது. மேடைப்பேச்சில் இது நிறைய நடக்கும். சித்தாந்தத்தில் பிரகிருதி மாயையின் வழி வரும் சடம், அறிவற்ற பொருள். சக்தியோ சிவத்தின் அறிவும் அருளும். சிவஞான சித்தியார் "அருளது சத்தி ஆகும் அரன் தனக்கு" என்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் அருள் சடமாகிவிடும், அத்தோடு சித்தாந்தமே கவிழ்ந்துவிடும். நெருப்பும் சூடும் போல என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டை விலக்கி நெருப்பைக் காட்ட முடியாது.

"புருடன்" என்ற சொல்லும் இங்கே வேறு பொருள். 36 தத்துவங்களில் சிவதத்துவம் 5, வித்தியாதத்துவம் 7, ஆன்மதத்துவம் 24. புருடன் அந்த ஏழில் ஒருவன். காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்ற ஐந்து சட்டைகளையும் மாட்டிக்கொண்டு அனுபவத்துக்கு இறங்கி நிற்கும் உயிர். சாங்கியத்தில் சுதந்திரமான சாட்சி, இங்கே சட்டை போட்ட கைதி. ஒரே தாளில் இரண்டையும் அச்சடித்தால் குழப்பம் உறுதி, தனித்தனித் தாளாகப் போடுங்கள்.

வாசிக்க ஒரே ஒரு சூத்திரம் போதும் என்றால் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம். 12 சூத்திரங்கள் கொண்ட நூல் தொடங்குவதே "அவன் அவள் அது எனும் அவை" என்றுதான். அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற எல்லாம் தோன்றி, நின்று, ஒடுங்குகிற உலகத்தின் பக்கம். ஒடுக்குகிறவன் அந்தச் சுட்டுக்கு வெளியே. திருவெம்பாவை 18ஆம் பாட்டும் அப்படித்தான்: பெண்ணாகி, ஆணாய், அலியாய் என்று அடுக்கிவிட்டு "இத்தனையும் வேறாகி" என்கிறது. பலர் முதல் பாதியைப் பாடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

அப்படியானால் "நான் ஆண்" என்ற எண்ணம் பொய்யா? சித்தாந்தம் பொய் என்று சொல்லாது. உயிர் சார்ந்ததன் வண்ணம் ஆவது. படிகத்தின் பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் சிவப்பு உண்மையாகவே தெரியும், படிகத்தின் சொந்த நிறம் அதுவல்ல. சுவேதாசுவதர உபநிடதம் 5.10இலும் இதே பேச்சு: பெண்ணல்ல, ஆணல்ல, அலியுமல்ல, எந்த உடலை எடுக்கிறதோ அதனோடு சேர்ந்திருக்கிறது.

திருச்செங்கோட்டைப் பற்றி. 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர், சம்பந்தர் பாடிய கொடிமாடச் செங்குன்றூர். அங்கே பாதிப் பாதி என்று கூட்டல் போடுவது பிழை. சிவத்தை மட்டும் சுற்றி வரப் பிடிவாதம் பிடித்த பிருங்கி முனிவர் கதையை எடுங்கள். அம்மையை விலக்கியதும் தாய்வழி வந்த தசையும் குருதியும் போய், நிற்க முடியாமல் மூன்றாம் கால் வாங்கினார். ஒன்றைக் கழித்தால் அரை மிஞ்சும் என்றால் அவர் அரை முனிவராகவாவது நின்றிருக்க வேண்டும். கழித்துப் பார்க்கவே முடியாது என்பதுதான் அந்தத் திருமேனி. "என் ஆண் பாதியும் பெண் பாதியும்" என்று மனநலப் பயிற்சியாகப் பேசுவதற்கு அது உருவானதல்ல. பேச வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைச் சித்தாந்தம் என்று சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. ஏற்காடு போனால் சேர்வராயன் குகைக் கோயிலுக்கும் போவீர்கள். சேர்வராயனும் காவேரியம்மனும் ஒரே குகையில் இருப்பதைப் பார்த்ததும் யாராவது புருஷன், பிரகிருதி என்று ஆரம்பிப்பார். அது மலைமக்களின் குலச்சாமி. சாங்கியத்தை அங்கே கொண்டுபோய் இறக்க வேண்டாம்.

கன்னங்குறிச்சியாள்:

இரண்டு பதிலும் உருப்படியானவை. ஆனால் இரண்டு பேரும் ஒரு வாசலைச் சாத்திவிட்டீர்கள். "ஆன்மாவுக்குப் பால் இல்லை" என்பதைச் சொல்லியே பெண்ணைப் பாடசாலைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். ஆன்மாவுக்கு இல்லாத பால் அதிகாரத்துக்கு மட்டும் எப்படி வந்தது?

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். வஞ்சியில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துப் பேரிடம் சமயப் பொருள் கேட்கிறாள். சாங்கியவாதியும் அதில் உண்டு. அவள் கேட்டது தன் உருவில் அல்ல, மாதவன் வேடத்தில், அதாவது ஆண் துறவியாக. இளம்பெண் என்று தெரிந்தால் பொருள் உரைக்க மாட்டார்கள் என்று முன்பே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கச்சியில் (காஞ்சியில்) தன் பௌத்த ஆசான் அறவண அடிகளிடம் வந்தபின், அந்த வேற்றுருவைப் போலவே அந்தச் சமயங்களும் செவ்வியவை அல்ல, சிந்தையில் வைக்கவில்லை என்கிறாள். வேடம் போடவைத்த அறிவுக்கு அவள் தந்த மதிப்பெண் அது. காலை அமர்வில் இதையும் சேருங்கள், சாங்கியவாதி பேசும் பகுதி சின்னதுதான்.

சுலபை உரையாடல் இல்லாமல் இந்தத் தலைப்பு நிறைவாகாது. மகாபாரதம், சாந்தி பர்வம். பஞ்சசிகரிடம் சாங்கியம் கற்று, அரசிருக்கையிலேயே முக்தன் என்று சொல்லிக்கொள்கிறான் ஜனகன். யோகத்தால் அவனுக்குள் நுழைகிறாள் துறவிப் பெண்ணான சுலபை. உடனே அவன் கேட்பது: நீ யார், யாருடையவள், எங்கிருந்து வந்தாய்? பெண், சாதி, ஒழுக்கம் என்று குற்றப்பத்திரிகை நீள்கிறது. அவள் பதில்: அரக்கும் கட்டையும் போல, தூசியும் நீர்த்துளியும் போல ஒட்டிச்சேர்ந்த உடலில் "யாருடையவள்" எங்கே இருக்கிறது? நீ முக்தன் என்றால் இந்தக் கேள்வி உனக்கு ஏன் எழுகிறது? ஆளில்லாத வீட்டில் துறவி ஓர் இரவு தங்குவதுபோல் தங்கிவிட்டுப் போகிறேன் என்கிறாள். அரசன் மறுமொழி சொல்லவில்லை. பால் இல்லை என்ற கொள்கையைச் சோதிக்க வேண்டிய இடம், அதைச் சொல்கிறவர் எதிரே பெண் வந்து நிற்கும்போது எழும் முதல் கேள்வி.

அவள் வாதத்தைத் தொடங்குமுன் நல்ல வாக்கியத்துக்கு ஐந்து உறுப்பு வைக்கிறாள்: சௌக்ஷ்மியம் (பொருள்களை நுணுக்கி வேறுபடுத்தல்), சங்கியை (குண தோஷங்களை எண்ணல்), கிரமம் (எது முன், எது பின்), நிர்ணயம், பிரயோஜனம். உங்கள் 12 பேருக்கும் இதையே விதியாக வையுங்கள். "பெண்கள் பொதுவாகவே..." என்று ஒருவர் ஆரம்பித்தால் சண்டை வேண்டாம். எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள், எண்ணிக் காட்டுங்கள் என்றால் போதும்.

ஆழ்ந்த உறக்கத்தில் நான் ஆண் என்ற நினைவு இல்லை, ஆகவே ஆன்மா பாலற்றது என்ற வாதமும் கட்டாயம் வரும். பலவீனமான வாதம். உறக்கத்தில் "நான் அறிகிறேன்" என்ற நினைவும்தான் இல்லை. அதே வழியில் போனால் ஆன்மா அறிவற்றது என்று முடியும். பிருகதாரணியக உபநிடதம் 4.3இல் ஆழ்ந்த உறக்கத்தில் தந்தை தந்தையல்ல, தாய் தாயல்ல என்று வருகிறது. ஆனால் அங்கே காண்பவனின் காட்சி அழிவதில்லை என்பதையும் தனியாகச் சொல்லித்தான் நிறுவுகிறது. அந்தப் பகுதியை விட்டுவிட்டு இதை மட்டும் மேற்கோள் காட்டக் கூடாது.

அஸ்தம்பட்டி வாசகன்:

ரொம்ப நன்றிங்க. அக்கா, ஒரு சந்தேகம். ஆண்மை என்ற சொல்லுக்குத் தமிழில் இருந்தே ஏதாவது வைக்கலாமா? எல்லாம் வடமொழி நூலாகவே போகிறது. அமர்வு எவ்வளவு நேரம் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

கன்னங்குறிச்சியாள்:

குறள் 148, 773, 1026 மூன்றையும் ஒன்றாக வையுங்கள். 773இல் பேராண்மை தறுகண், அஞ்சாமை. 148இல் அதே பேராண்மை பிறன்மனை நோக்காமை. 1026இல் நல்லாண்மை என்பது பிறந்த குடியை ஆளும் தன்மை தனதாக்கிக்கொள்வது. மூன்றிலும் அது ஒருவர் செய்து காட்ட வேண்டிய ஒன்று, உடலோடு வந்ததாக எங்கும் இல்லை. தொல்காப்பியக் களவியலில் அச்சம், நாணம், மடம் பெண்பாற்குரிய என்று வருவதை யாராவது எதிரே எறிவார். அது அகப்பாட்டின் தலைவிக்கு வகுத்த மரபு, ஞானத்தைப் பற்றிய தீர்ப்பல்ல.

செவ்வாய்ப்பேட்டை:

ஒரு அமர்வு 90 நிமிடம், அதற்குமேல் மலைக்காற்றில் கண் சொருகும். ஓர் அமர்வுக்கு ஒரு தாள், 10 வரிக்கு மேல் வேண்டாம், ஓரத்தில் நாலு விரல் இடம் விடுங்கள். முதல் 15 நிமிடம் பேச்சே கிடையாது. ஆண், பெண் என்று வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓரத்தில் ஒரு குறி: இலக்கணப் பால் என்றால் "சொ", உவமை என்றால் "உ", உடலைப் பற்றியது என்றால் "மெ", ஊர் வழக்கம் என்றால் "வ". பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு, குறி மாறுபடும் இடத்தை மட்டும் விவாதியுங்கள். காரிகை 59இல் பாதிப் பேர் "மெ" போடுவார்கள், அங்கேதான் அரை மணி ஓடும். ஓடட்டும்.

திருச்செங்கோட்டுக்கு நேரில் போவதாக இருந்தால் அதை அதே நாளில் வைக்க வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அங்கே போய் மறுபடி மலை ஏறுவதற்குள் பேச யாருக்கும் தெம்பு இருக்காது. வேறொரு ஞாயிறு காலையில் வையுங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு வண்டிப் பாதை உண்டு. மே மாதம் என்றால் மலர்க்கண்காட்சிக் கூட்டத்தில் ஏற்காட்டில் அறையே கிடைக்காது.