பந்து பாதி வழியில் இருக்கும்போதே

அண்ணன்: சித்தப்பா, நீங்கள் நேற்று குழுவில் அனுப்பிய பேஸ்பால் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பந்து வந்த இடத்துக்கும் அந்த மட்டையாளர் மட்டையைச் சுழற்றிய இடத்துக்கும் ஒரு முழ இடைவெளி இருக்கிறது. கோடிக்கணக்கில் ஊதியம் வாங்கும் ஒருவர் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் திரும்பிப் போகிறார். கிரிக்கெட்டிலும் 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசத்தான் செய்கிறார்கள்; அங்கே இந்த அளவுக்குத் தடுமாற்றத்தைப் பார்ப்பதில்லையே. இதில் அப்படி என்ன கடினம் இருக்கிறது?

சித்தப்பா: கேட்க வேண்டிய கேள்விதான், தம்பி. முதலில் நேரக் கணக்கைச் சொல்கிறேன். பந்தை எறியும் பிட்சர் கால் ஊன்றும் ரப்பர் பலகையிலிருந்து, மட்டையாளர் அருகில் நிற்கும் ஹோம் பிளேட் என்ற தரைப்பலகை வரை 18.44 மீட்டர், 1893 முதல் இந்தத் தொலைவு மாறவில்லை. ஆனால் அவர் ஒரு பெரிய எட்டு எடுத்து வைத்து, கையை முன்னே நீட்டி எறிவதால், பந்து விரலை விட்டுப் புறப்படும்போது மீதமிருப்பது ஏறத்தாழ பதினாறரை மீட்டர்தான். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைச் சுமார் 0.4 விநாடியில் கடந்துவிடும். மட்டையைச் சுழற்றிப் பந்தின் பாதைக்குக் கொண்டுவர மட்டும் 0.15 விநாடி தேவை. எஞ்சியிருக்கும் கால் விநாடிக்குள், வருவது என்ன வகைப் பந்து, எந்த உயரத்தில் வரும், அடிப்பதா விடுவதா என்பதையெல்லாம் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்கும் நொடியில் பந்து இன்னும் ஆறு மீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்குப் பிறகு பந்து வளைந்தாலும் இறங்கினாலும், தொடங்கிவிட்ட சுழற்சியைத் திருத்த நேரம் கிடையாது. மட்டையாளர் தம் மனத்தில் கணித்த ஓர் இடத்தை நோக்கித்தான் மட்டையை வீசுகிறார். பந்து அங்கே வந்து சேர்ந்தால்தான் அடி விழும்.

அண்ணன்: ஆனால் கிரிக்கெட்டிலும் அதே கால அளவுதானே? இரண்டு கோடுகளுக்கு இடையே 17.68 மீட்டர். போதாக்குறைக்குப் பந்து தரையில் பட்டு எப்படித் திரும்பும் என்பதும் தெரியாது.

சித்தப்பா: கிரிக்கெட் எளிது என்று நான் சொல்லவே மாட்டேன். பிட்ச் ஆன பிறகு விலகும் பந்தை ஆடுவது தனிக் கலை. ஆனால் இரண்டு ஆட்டங்களிலும் மட்டையாளரிடம் கேட்கப்படுவது வேறு. கிரிக்கெட் மட்டை தட்டையானது, 10.8 சென்டிமீட்டர் அகலம் வரை இருக்கலாம். நல்ல பந்தைத் தடுத்து வைத்துவிட்டு அடுத்த பந்துக்குக் காத்திருக்கலாம். விளிம்பில் பட்டுப் பின்னால் ஓடினாலும் ரன் உண்டு. பேஸ்பால் மட்டை உருண்டையானது. அதன் மிகத் தடித்த பகுதியின் விட்டம் அதிகபட்சம் 6.6 சென்டிமீட்டர், பந்தின் விட்டமோ 7.3 சென்டிமீட்டருக்கு மேல். அதாவது மட்டை பந்தைவிட மெல்லியது. உருண்டையான ஒன்றை உருண்டையான இன்னொன்றால் ஏறக்குறைய நடுவில் சந்திக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கீழே பட்டால் பந்து செங்குத்தாக மேலே போய்க் கையில் விழும். மேலே பட்டால் தரையில் உருண்டு போகும். நேரத்தில் நூறில் ஒரு பங்கு விநாடி முந்தினாலோ பிந்தினாலோ, 90 பாகைக்குள் அடங்கிய ஆடுகளத்துக்கு வெளியே பவுலாக, அதாவது அடியாகக் கணக்கில் வராத பந்தாகப் போய்விடும். சுழற்றித் தவறவிட்டாலும், அடிக்கத்தக்க பந்தை விட்டாலும் அது ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் வெளியேற வேண்டியதுதான்; அதுதான் ஸ்ட்ரைக் அவுட். தடுத்து ஆடிக் காலம் கடத்த வழியே இல்லை.

அத்தை: தம்பி, கண் மருத்துவர் என்ற முறையில் நானும் ஒன்று சேர்க்கிறேன். நகரும் பொருளைக் கண் வழுக்கிக்கொண்டு பின்தொடரும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. தொலைவில் இருக்கும்போது பந்து ஏறத்தாழ நேராக நம்மை நோக்கி வருவதால் கண் அதை எளிதாகத் தொடரும். அருகே வர வர, பந்து பார்வையைக் குறுக்காகக் கடக்கும் கோண வேகம் பல மடங்கு கூடிவிடும். கடைசிக் கட்டத்தில் மனிதக் கண்ணால் அதனுடன் ஓட முடியாது. டெர்ரி பஹில் என்ற ஆய்வாளர் 1980களில் இதைச் சோதித்தபோது, தொழில்முறை வீரரால்கூடப் பந்தைப் பிளேட்டுக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் அளவு வரைதான் தொடர முடிந்தது. சிலர் இடையில் கண்ணை முன்னதாகத் தாவவிட்டு, பந்து வரப்போகும் இடத்தில் காத்திருப்பதும் உண்டு. எப்படியானாலும், மட்டை பந்தைத் தொடும் கணம்வரை பந்தைப் பார்த்துக்கொண்டே இரு என்று பயிற்சியாளர்கள் சொல்வது, உடலால் செய்யக்கூடிய செயல் அன்று.

நான்: அப்படியானால் அவர்கள் எதைப் பார்த்துக் கணிக்கிறார்கள், அத்தை? பந்தையே முழுதாகப் பார்க்க முடியாதென்றால்?

அத்தை: பந்து புறப்படும் முன்பே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தோள் திரும்பும் விதம், முழங்கை உயரம், மணிக்கட்டின் கோணம், பந்து விரலை விட்டு வெளிவரும் இடம். அதன்பின் முதல் சில மீட்டரில் பந்தின் தையல் சிவப்பாகச் சுழலும் திசை. இதற்கு மேலான விவரங்களை உன் சித்தப்பாதான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா: அக்கா சொன்னதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2004இல் அமெரிக்க சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், ஒரு காட்சி ஆட்டத்தில் ஆல்பர்ட் பூஹோல்ஸ், மைக் பியாஸா போன்ற பெரிய மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பூஹோல்ஸ் தம் வாழ்நாளில் 703 ஹோம் ரன் (எல்லையைத் தாண்டிப் போகும் அடி) அடித்தவர்; சாஃப்ட்பால், பேஸ்பாலைவிடப் பெரிய பந்து. ஆனாலும் அவரால் தொட முடியவில்லை. ஃபின்ச் 13 மீட்டர் தொலைவிலிருந்து, கையைக் கீழிருந்து சுழற்றி வீசினார். அந்த உடலசைவைப் படிக்கும் பழக்கம் பூஹோல்ஸுக்கு இல்லை. ஆண்டுக்கணக்கில் மேலிருந்து எறியும் கைகளை மட்டுமே படித்துப் பழகியவர் அவர். பிறவியிலேயே கூர்மையான அனிச்சைச் செயல் இருப்பதால்தான் இவர்கள் அடிக்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த நிகழ்வைப் பார்க்க வேண்டும். வெறும் அனிச்சைச் செயல் போதுமென்றால் அன்று பூஹோல்ஸ் அடித்திருப்பார்.

இப்போது பிட்சரின் பக்கம் வருகிறேன். மட்டையாளர் கணித்துத்தான் ஆட முடியும் என்று தெரிந்த பிறகு, அந்தக் கணிப்பைக் கெடுப்பதே பிட்சரின் முழு வேலையாகிவிடுகிறது. அடிப்பது என்பது நேரம், எறிவது என்பது அந்த நேரத்தைக் குலைப்பது என்று பழம்பெரும் பிட்சர் வாரன் ஸ்பான் சொன்னதில் எல்லாம் அடங்கிவிடுகிறது. சேஞ்சப் என்ற மெதுப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கை அதே வேகத்தில் வருகிறது, பந்து அதே இடத்திலிருந்து புறப்படுகிறது. பிடியை மட்டும் மாற்றியிருப்பதால் வேகம் 16 கிலோமீட்டர் குறைகிறது. ஃபாஸ்ட்பால் என்று நம்பிச் சுழற்றிய மட்டை பிளேட்டைக் கடக்கும்போது, பந்து இன்னும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் பின்னால் இருக்கும். காணொளியில் பார்க்கும்போது அந்த மட்டையாளர் ஏதோ கவனக்குறைவாக ஆடியதுபோல் தோன்றும். உண்மையில் அவர் ஃபாஸ்ட்பாலுக்கு மிகச் சரியாகத்தான் ஆடியிருப்பார்.

அண்ணன்: ஃபாஸ்ட்பால் மேலே எழும்புகிறது என்று வர்ணனையில் சொன்னார்கள். அது உண்மையா?

சித்தப்பா: இல்லை, எல்லாப் பந்தும் கீழேதான் இறங்கும். ஃபாஸ்ட்பால் பின்னோக்கிச் சுழன்றபடி வருவதால், காற்று அதைச் சற்றுத் தாங்குகிறது. மூளை எதிர்பார்த்த அளவுக்கு அது இறங்காததால் எழும்புவதுபோல் தெரிகிறது. மட்டை பந்துக்கு அடியில் போய்விடுகிறது. கர்வ்பால் நேர்மாறாக முன்னோக்கிச் சுழல்வதால் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கும். இரண்டும் முதல் சில மீட்டருக்கு ஒரே பாதையில் வரும்படி எறிவதற்குத்தான் இப்போது பிட்சர்கள் உழைக்கிறார்கள். முடிவெடுக்கும் நேரம் வரை ஒன்றுபோல் தெரிந்து, முடிவெடுத்த பிறகு பிரிய வேண்டும்.

2023 மார்ச் 21 அன்று மயாமியில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தைத் தேடிப் பாருங்கள். ஜப்பான் 3-2 என முன்னிலையில் இருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். எறிபவர் ஷோஹேய் ஓதானி, எதிரே மைக் டிரவுட். அப்போது இருவரும் ஒரே கிளப் அணியில் ஆடியவர்கள். டிரவுட் தம் தலைமுறையின் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவர். முதல் பந்தை வளைத்து எறிந்த ஓதானி, அடுத்த நான்கையும் 160 கிலோமீட்டருக்கு மேல் எறிகிறார். அவற்றில் இரண்டில் டிரவுட் சுழற்றித் தவறவிடுகிறார். மூன்று பால் (அடிக்கத்தக்க இடத்துக்கு வெளியே போய், மட்டையாளர் விட்டுவிட்ட பந்து), இரண்டு ஸ்ட்ரைக். இனி ஒரு பந்துதான். டிரவுட்டின் உடல் முழுவதும் 160க்குத் தயாராக இருக்கிறது, அதைவிட மெதுவாகத் தொடங்கினால் அந்த வேகத்தைத் தொடவே முடியாது. வந்தது 140 கிலோமீட்டர் ஸ்வீப்பர். பிளேட்டின் நடுவை நோக்கி வருவதுபோல் தெரிந்து, வெளிப்பக்கமாக நழுவிச் சென்றது. மட்டை காற்றைத்தான் வெட்டியது. அந்த இடத்தில் எந்த மட்டையாளர் நின்றிருந்தாலும் இதுவே நடந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான்: சித்தப்பா, வேறு விளையாட்டில் உச்சத்தில் இருப்பவர் முயன்றால் இது கைவருமா?

சித்தப்பா: முயன்றவர் மைக்கேல் ஜோர்டன். 1994இல் கூடைப்பந்தை விட்டு வந்து, பர்மிங்ஹாம் அணிக்காக, பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகிலிருந்து இரண்டு படி கீழே உள்ள நிலையில் ஆடினார். 127 ஆட்டங்களில் சராசரி .202, அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 202 அடி என்ற கணக்கு; 114 முறை ஸ்ட்ரைக் அவுட். அதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். பள்ளிக்காலத்துக்குப் பிறகு மட்டையைத் தொடாமல் இருந்தவர், 31 வயதில் வந்து, வளைத்து எறியும் தொழில்முறைப் பிட்சர்களுக்கு எதிராக ஐந்து முறைக்கு ஒரு முறை அடித்தார் என்பதே பெரிய செய்தி.

அத்தை: அப்படியென்றால் மிகச் சிறந்தவர்கள் எவ்வளவு அடிக்கிறார்கள்?

சித்தப்பா: பத்துக்கு மூன்று என்றால் நட்சத்திர வீரர், அக்கா. ஒரு பருவத்தில் பத்துக்கு நான்கு அடித்தவர், மேஜர் லீகின் இரு பிரிவுகளான அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் கடைசியாக டெட் வில்லியம்ஸ், 1941இல் .406. 1994இல் டோனி குவின் .394 வரை வந்தார், வேலைநிறுத்தத்தால் அந்தப் பருவம் பாதியில் நின்றது. குவின்னை நான் மிகவும் மதிக்கிறேன். தம் ஆட்டங்களை ஒளிநாடாவில் பதிவு செய்து, ஒவ்வொரு பிட்சரும் எந்தச் சூழலில் எதை எறிகிறார் என்று வீட்டில் உட்கார்ந்து படித்தவர். 20 பருவங்களில் 434 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். வேகத்தை மாற்றி ஏமாற்றுவதில் வல்லவரான பிட்சர் கிரெக் மேடக்ஸிடம் ஒருமுறைகூட ஆனதில்லை. கண்ணும் கையும் எல்லோருக்கும் உண்டு. அடுத்து வரப்போவதை அறிந்து நிற்பதில்தான் அவர் தனித்து நின்றார்.

அண்ணன்: இப்போது பிட்சர்களின் வேகம் இன்னும் கூடிக்கொண்டே போகிறதே. ஆட்டமே ஒருபக்கமாகச் சாய்ந்துவிடாதா?

சித்தப்பா: சாய்ந்துகொண்டுதான் இருக்கிறது, அது எனக்குக் கவலையும் தருகிறது. 2010இல் அரோல்டிஸ் சாப்மன் 170 கிலோமீட்டரைத் தொட்டார். 2018இல் மேஜர் லீக் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரு முழுப் பருவத்தில் அடிகளைவிட ஸ்ட்ரைக் அவுட்டுகள் அதிகமாயின. எறிதலைப் படம் பிடித்துத் திருத்திக்கொள்ளப் பிட்சருக்கு அதிவேகக் கேமராக்கள் இருக்கின்றன. எதை எறிவது என்பதைத் தீர்மானிப்பதும் அவர் பக்கம்தான். மட்டையாளர் எப்போதும் பதில் சொல்பவராகவே இருக்கிறார்.

முன்பும் இப்படி நடந்தது. 1968இல் பிட்சர் பாப் கிப்சன், தடுப்பாளர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்தால், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன் மட்டுமே கொடுத்தார், அமெரிக்கன் லீகில் .301 மட்டுமே அடித்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்கே மட்டையாளர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டே, பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள், ஸ்ட்ரைக் என்று கணக்கிடப்படும் பரப்பையும் சுருக்கினார்கள்.

அண்ணன்: இப்போது பிட்சரை இன்னும் தள்ளி நிறுத்தினால் என்ன?

சித்தப்பா: அதையும் செய்து பார்த்தார்கள். 2021இல் அட்லாண்டிக் லீக் என்ற சிறிய தொழில்முறைத் தொடரில் பருவத்தின் பிற்பாதி முழுவதும் பிட்சரை ஓர் அடி பின்னால் நிறுத்தினார்கள். மட்டையாளருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நேரம் நூறில் ஒரு பங்கு விநாடிக்குக் கிட்டத்தட்டத்தான் வரும். அதே ஓர் அடி, வளைபந்து இன்னும் கொஞ்சம் வளைவதற்கும் இடம் கொடுக்கிறது. அந்தச் சோதனையை அடுத்த ஆண்டு அவர்கள் தொடரவில்லை.