சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) பேஷன்ட்டுக்கு வால் ஆக்ஸிஜனில் (சுவர்க் குழாயில் வரும் ஆக்ஸிஜன்) நெபு (மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுப்பது) ஓட்டலாமா?

வார்டு_நைட்:
68 வயது ஆண், பல வருஷமா பீடி. சி.ஓ.பி.டி. அதிகமாகி நேற்று அட்மிஷன். ஆக்ஸிஜன் வைக்காம சாதாரணக் காற்றில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம்) 84, பல்ஸ் 118. பிராஸ்டேட் தொல்லையும் உண்டு. ஆர்டர்: டியோலின் நெபு (லெவோசால்புட்டமால் + இப்ராட்ரோபியம், மூச்சுக்குழாயை விரிக்கும்) 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, புடிகார்ட் நெபு (புடசோனைட், ஸ்டீராய்டு) 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஹைட்ரோகார்ட்டிசோன் (ஸ்டீராய்டு ஊசி) 100 மி.கி., டெரிஃபிலின் (மூச்சுக்குழாயை விரிக்கும் ஊசி) 2 மி.லி. ஐ.வி. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆன்டிபயாட்டிக் சிப்ரோஃப்ளாக்சசின்.

கேட்க வேண்டியது மூணு. டியோலினையும் புடிகார்ட்டையும் ஒரே கப்பில் ஊத்தலாமா? கம்ப்ரஸர் (சாதாரணக் காற்றில் நெபு ஓட்டுற மெஷின்) பக்கத்து வார்டுக்குப் போயிருச்சு, வால் ஆக்ஸிஜனில் ஓட்டினா கார்பன் டை ஆக்சைடு ஏறும்னு ஒருத்தர் தடுக்கிறாங்க, சரியா? பல்ஸ் 118 இருக்கும்போது நெபு வைக்கலாமா?

ஐ.சி.யூ_பழசு:
கலக்கலாம் சிஸ்டர். லெவோசால்புட்டமால், இப்ராட்ரோபியம், புடசோனைட் மூணும் ஒரே கப்பில் சேரும். டியோலின் ரெஸ்பியூல் (ஒரு வேளை மருந்து உள்ள சின்னக் குப்பி) 2.5 மி.லி., புடிகார்ட் 2 மி.லி., மொத்தம் 4.5. சலைன் எதுவும் சேர்க்க வேண்டாம். டியோலின் மட்டும் வைக்கிற வேளையில் நார்மல் சலைன் 1.5 மி.லி. சேருங்க. கப்பின் அடியில் 1 மி.லி. அளவுக்கு எப்பவும் தங்கிடும், வெறும் 2.5 மி.லி. ஊத்தினா மருந்தில் பாதிக்குக் கிட்ட அங்கேயே நின்னுடும். டிஸ்டில்டு வாட்டர் ஊத்தவே கூடாது, அது தானே மூச்சுக்குழாயைச் சுருக்கும்.

புடிகார்ட் தெளிந்த கரைசல் இல்லை, மருந்துத் துகள் மிதக்கிற பால் மாதிரி நீர். உடைக்கும் முன் ரெஸ்பியூலை நல்லா குலுக்கணும். அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வில் ஓடுற) நெபுலைசரில் இது சரியா ஆவியாகாது, ஜெட் வகையில்தான் (காற்று அல்லது ஆக்ஸிஜன் வேகத்தில் ஓடுறது) வைக்கணும்.

ஃப்ளோ நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர். 4-ல் வச்சா துளி பெரிசாகி வாயிலும் தொண்டையிலுமே படிஞ்சிடும். பேஷன்ட்டை நிமிர்த்தி உட்கார வைங்க. படுத்தபடி நெபு வைக்கிறது மருந்தை வீணாக்குற வேலை. சடசடன்னு துப்ப ஆரம்பிச்சா கப்பை ஒரு தட்டு தட்டுங்க, அப்புறமும் துப்பினா முடிஞ்சதுன்னு எடுத்துடலாம்.

ஆக்ஸிஜன் விஷயத்தில் தடுத்தவங்க சொன்னதுதான் சரி. சி.ஓ.பி.டி.ன்னா கம்ப்ரஸர்தான், வால் ஆக்ஸிஜன் கூடாது.

செஸ்ட்_ஓ.பி.:
மேலே சொன்னதில் கடைசி வரி மட்டும் பாதிதான் சரி. கம்ப்ரஸர் கிடைத்தால் அதுதான் முதல் வழி: காற்றில் நெபு ஓடும், மூக்கில் கேனுலா (மெல்லிய குழாய்) வழியாக 1 அல்லது 2 லிட்டர் ஆக்ஸிஜன் தனியாகப் போகும், சாச்சுரேஷனை 88 முதல் 92-க்குள் நிறுத்த வேண்டும். கம்ப்ரஸர் இல்லை என்பதற்காக 84-ல் இருப்பவருக்கு நெபுவைத் தள்ளிப் போடக் கூடாது. வால் ஆக்ஸிஜனிலேயே ஓட்டுங்கள், ஆனால் 6 நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள். கப்பில் இருக்கும் மருந்தில் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். முடிந்ததும் மாஸ்க்கை உடனே கழற்றிப் பழைய கேனுலாவுக்கு மாற்றுங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: காலியான கப்போடு மாஸ்க் முகத்திலேயே அரை மணி நேரம் கிடக்கும், ஆக்ஸிஜன் 8 லிட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏன் ஏறுகிறது என்பதற்கு "மூச்சு விடும் தூண்டுதல் போய்விடும்" என்று பாடத்தில் படித்திருப்போம். அது சிறு பங்குதான். காற்றோட்டம் குறைந்த நுரையீரல் பகுதிகளுக்கு உடல் தானாகவே ரத்த ஓட்டத்தைக் குறைத்து வைத்திருக்கும். ஆக்ஸிஜன் அதிகமானால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, ரத்தம் பயனற்ற பகுதிக்குப் பாயும். ஹீமோகுளோபினும் தன்னிடம் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடும். ஆகவே சாச்சுரேஷன் 98 என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். தூக்கக் கலக்கம், காலைத் தலைவலி, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடிப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள்.

பல்ஸ் 118 என்பதால் நெபுவை நிறுத்த வேண்டியதில்லை. அந்த வேகத்துக்கு ஆக்ஸிஜன் குறைவே காரணமாக இருக்கலாம். மூச்சு இளகினால் பல்ஸும் இறங்கும். நெபுவுக்கு முன்னும் 15 நிமிடம் கழித்தும் பல்ஸ், மூச்சு எண்ணிக்கை, சாச்சுரேஷன், ஸ்டெத்தில் கேட்டது நான்கையும் எழுதுங்கள். பல்ஸ் ஒழுங்கில்லாமல் துடித்தாலோ நெஞ்சு வலித்தாலோ நிறுத்திவிட்டு ஈ.சி.ஜி. எடுங்கள். இன்னொன்று முக்கியம்: முன்பு கேட்ட வீசிங் சத்தம் இப்போது இல்லை, ஆனால் ஆள் இன்னும் திணறுகிறார் என்றால் அது குணம் அல்ல. காற்றே உள்ளே போகவில்லை. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பிராஸ்டேட் இருப்பதால் இப்ராட்ரோபியத்தில் சிறுநீர் அடைக்கலாம். அவுட்புட் எழுதி, அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உண்டா என்றும் கேளுங்கள். மாஸ்க் மேல்பக்கம் இடைவெளி விட்டால் ஆவி நேராகக் கண்ணில் படும். மவுத்பீஸ் இருந்தால் அதுவே மேல்.

மருந்துக்கட்டு:
நெபுவைப் பத்தியே எல்லாரும் பேசுறீங்க. எனக்குப் பயம் அந்த ஆர்டரின் கடைசி ரெண்டு மருந்துதான்.

டெரிஃபிலின் 2 மி.லி. ஆம்ப்யூலில் எட்டோஃபிலின் 169.4 மி.கி., தியோஃபிலின் 50.6 மி.கி. இருக்கு. தியோஃபிலின் ஈரலில் ஒரு என்சைமால்தான் சிதையணும். சிப்ரோஃப்ளாக்சசின் அந்த என்சைமைத் தடுக்கும், தியோஃபிலின் ரத்தத்தில் சேர்ந்துக்கிட்டே போகும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசினும் அப்படித்தான். இன்னொரு பக்கம், பீடிப் புகை அந்த என்சைமை வேகப்படுத்தி வச்சிருக்கும். வார்டில் பீடி கிடைக்காது, சில நாளில் அந்த வேகம் தணியும், அப்போ அதே டோஸே அதிகமாயிடும். இவருக்கு ரெண்டும் சேர்ந்து வருது. பலன் தரும் அளவு 10 முதல் 20 மைக்ரோகிராம்/மி.லி.; 20 தாண்டினா விஷம். குமட்டல், வாந்தி, தூக்கமின்மை, படபடப்பு முதலில் வரும்னு நம்பிடாதீங்க, சில பேருக்கு நேரா ஃபிட்ஸே வரும்.

வேகமா புஷ் பண்ணினா பி.பி. விழும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். சலைனில் கலந்து மெதுவா ஏத்தலாமான்னு ஆர்டரிலேயே எழுதி வாங்குங்க.

பொட்டாசியமும் பாருங்க. லெவோசால்புட்டமால் பொட்டாசியத்தை செல்லுக்குள்ள தள்ளும், ஹைட்ரோகார்ட்டிசோன் சிறுநீரில் வெளியேத்தும், லாசிக்ஸ் (சிறுநீரை அதிகப்படுத்தும் மருந்து) ஓடுதுன்னா இன்னும் மோசம். டிஜாக்ஸின் (இதய மருந்து) சாப்பிடுறவரா இருந்தா பொட்டாசியம் பார்க்கிறது கட்டாயம். ஸ்டீராய்டு இருக்கிறதால சுகரும். கண்ணுக்கு டிமோலால் சொட்டு மருந்து விடுறாரான்னு வீட்டுக்காரங்ககிட்ட கேட்டீங்களா? அதுவும் பீட்டா பிளாக்கர்தான், கண்ணில் விட்டாலும் மூச்சுக்குழாயைச் சுருக்கும்.

வார்டு_நைட்:
சிப்ரோ விஷயம் டூட்டி டாக்டர்கிட்ட சொல்லியாச்சு, மாத்துறாங்க. டிஸ்சார்ஜில் ரோட்டாகேப் (ரோட்டாஹேலர் கருவியில் போட்டு இழுக்கிற பொடி கேப்ஸ்யூல்) எழுதுவாங்கன்னு தோணுது. சொல்லிக்கொடுக்கும்போது எங்கே தப்பு வரும்?

செஸ்ட்_ஓ.பி.:
முதல் தப்பு, ரோட்டாகேப்பை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்குவது. "இது விழுங்குற மருந்து இல்லை" என்று சீட்டில் பெரிதாக எழுதுங்கள். இரண்டாவது, கருவிக்குள் மூச்சை விடுவது. ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். மூன்றாவது, மெதுவாக இழுப்பது. ரோட்டாஹேலரில் வேகமாக, ஆழமாக இழுத்து 10 விநாடி அடக்க வேண்டும். பம்பில் (அழுத்தினால் மருந்து பீய்ச்சும் இன்ஹேலர்) நேர் எதிர்: அழுத்தும்போதே மெல்ல இழுக்க வேண்டும். இரண்டும் எழுதிக் கொடுத்தால் ஆள் நிச்சயம் குழப்பிக்கொள்வார், ஒரே வகையாகக் கேட்டு வாங்குங்கள். வேகமாக இழுக்கத் தெம்பில்லை என்றால் பம்பும் ஸ்பேசரும்தான் (பம்போடு மாட்டும் குடுவை).

ஸ்டீராய்டு சேர்ந்த கேப்பாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையேல் வாயில் வெள்ளைப் படலம் வரும். வார்டில் இப்போதே மாஸ்க்கில் புடிகார்ட் ஓடுகிறதே, அவர் முகத்தையும் துடைத்துவிடுங்கள்.

ஐ.சி.யூ_பழசு:
6 நிமிஷக் கணக்கு சரிதான், ஒத்துக்கிறேன். ஸ்பேசர் வாங்கினா சோப்புத் தண்ணியில் முக்கி எடுத்து அப்படியே காய விடச் சொல்லுங்க. துணியால் துடைச்சா உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கும்.